பதினோரு அலைனர்களும் ஒரு காலிக் கட்டமும்

அன்புள்ள வாயாடிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அம்மா சுகம், வாஷிங் மெஷின் சுகமில்லை, நான் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறேன். அங்கே நீ சுகமாக இருப்பதாக அம்மா சொல்கிறாள். என் போனை நீ எடுத்து இன்றோடு இருபத்து மூன்று நாள் ஆவதால் அவள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டிய நிலையில் இருக்கிறேன். விஷயத்தை இரண்டு வரி மெசேஜில் முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அம்மா விடவில்லை. திட்டறதுக்கு மட்டும் நாலு பக்கம், மன்னிப்புக் கேக்க ரெண்டு வரியா, உக்காந்து எழுதுங்க என்று பேப்பரையும் பேனாவையும் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருக்கிறாள். நடுநடுவே நான் எத்தனையாவது வரியில் இருக்கிறேன் என்று தலைகீழாகப் படிக்கப் பார்க்கிறாள். எனக்குச் சுற்றி வளைக்க வராது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது. பல்லை நேராக்க மாட்டிக்கொள்ளும் அந்தப் பிளாஸ்டிக் அலைனர்களை நீ ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறாய். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மைக்ராஸ்கோப் தேவைப்பட்டது. அம்மாவுக்கு எதுவும் தேவைப்படவில்லை.

உன் பார்சல் வீட்டுக்கு வராமல், நான் அலைனர் செய்கிற பல் லேபின் முகவரிக்கு வந்தது, அதை வேண்டுமென்றே செய்தாய் என்று புரிந்தது. ஒன்று முதல் பதினொன்று வரை, ஒவ்வொன்றும் அதனதன் எண் போட்ட கவரில், கழுவிக் காயவைத்து அடுக்கியிருந்தாய். கூடவே ஒரு துண்டுக் காகிதமாவது இருக்கும் என்று பெட்டியின் அடியிலும், சுற்றிவைத்த பஞ்சுத் தாளின் மடிப்பிலும் தேடினேன். இல்லை. வாயாடியிடமிருந்து ஒரு வார்த்தை இல்லாத பார்சல் வந்தால் அதைவிட நீளமான கடிதம் வேறு கிடையாது என்று எனக்குப் புரிய ஒரு மதியம் பூராவும் ஆனது. அதற்குள் பாலீஷ் மாமா பக்கத்து மேஜையிலிருந்து எட்டி நாலாம் எண்ணை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். இருபது வருஷமாக ஓரம் வெட்டி மெருகு போடுகிற மனிதர், உன் சின்ன வயதில் லேப் கையுறையை ஊதி யானை செய்து கொடுத்தவர், அவர் கண்ணுக்குத் தப்பாது. தம்பி, யாருதுப்பா இது, இவ்வளவு ஒழுங்காப் போட்ட ஆளை நான் பாத்ததே இல்லையே, பாதிப் பேரு திருப்பிக் கொண்டாறது இப்பத்தான் அச்சுலேருந்து எடுத்த மாதிரி பளபளன்னு இருக்கும், இதுல கடிச்ச தடத்தைப் பாரு என்றார். ஒரு பேஷன்ட் என்றேன். குடுத்து வெச்ச டாக்டர் என்றார். நான் நாலாம் எண்ணை வாங்கிக் கவரில் போட்டேன். 

பிறகு ஒவ்வொன்றாக லென்ஸுக்கு அடியில் வைத்தேன். சாதாரணக் கண்ணுக்குக் கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக், பெரிதாக்கிப் பார்த்தால் டைரி மாதிரி. மென்ற இடம், கடைவாயில் பல்லை இறுக்கிக் கடித்த இடம், பிரஷ் தேய்த்த கோடு எல்லாம் இருந்தது. ஒன்று முதல் ஐந்து வரை எல்லாக் குழியிலும் பல் அடிவரை போய் உட்கார்ந்த தடம் இருந்தது. ஆறிலிருந்து பதினொன்று வரையும் எல்லாக் குழியிலும் தடம் இருந்தது, ஒன்றைத் தவிர. அந்தக் கோரைப்பல்லின் குழியில் மட்டும் நுனியில் ஒரு கீறல்கூட இல்லை. நீ போட்டிருக்கிறாய், பல்தான் உள்ளே போகவில்லை. ஐந்தோடு அது திரும்புவதை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு பன்னிரண்டு வாரம், பொருந்தாத ஆறு அலைனர்களை ஒன்றன்பின் ஒன்றாக வலிக்க வலிக்க மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாய். அப்பா திட்டுவான் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அலைனர் என்றால் என்ன என்று வாயிலேயே வைத்திருந்தவளுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லைதான். ஆனாலும் எந்த இடத்தில் தப்பு நடந்தது என்று வரிசையாகச் சொல்லாமல் என்னால் மன்னிப்புக் கேட்க முடியாது, என் படிப்பு அப்படி. டாக்டரம்மா உன் வாயை ஸ்கேன் எடுத்து லேபுக்கு அனுப்பினார். அதில் உன் மேல்வரிசைக் கோரைப்பல், நம் வீட்டில் கோபித்துக்கொண்ட பல் என்று சொல்வோமே, பக்கத்துப் பல்லோடு பேச்சுவார்த்தை இல்லாதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பது, அது முப்பத்து மூன்று டிகிரி திரும்பியிருந்தது. முன்பல்லாக இருந்தால் தட்டையாக இருக்கும், இரண்டு பக்கமும் பிடித்துத் திருப்பிவிடலாம். கோரைப்பல் உருண்டை. ஈரக் கையால் பாட்டில் மூடியைத் திறப்பது மாதிரி அலைனர் வழுக்கிக்கொண்டு போகும். அதற்காகத்தான் டாக்டரம்மா பல்லின் மேல் அரிசி அளவுக்கு ஒரு மேடு ஒட்டினார், பிடிமானத்துக்கு. அதோடு, ஒரு அலைனருக்கு இரண்டு டிகிரிதான், அதற்கு மேல் போனால் பல் பின்தங்கிவிடும் என்று சொல்லி, பதினேழு அலைனர் என்று கணக்குப் போட்டுக் கையெழுத்தும் போட்டார். ஒன்றுக்கு இரண்டு வாரம், ஒரு நாளைக்கு இருபத்திரண்டு மணி நேரம். அந்தப் பதினேழைப் பதினொன்று ஆக்கியது நான். அவர் கையெழுத்துப் போட்ட பிறகு, அச்சடிப்பதற்கு முன்னால், என் மேஜையில் உட்கார்ந்து, டீ ஆறுவதற்குள், இரண்டு டிகிரியை மூன்று டிகிரி ஆக்கினேன். கணினி சிவப்பில் எச்சரித்தது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் அப்படி ஒரு நாளைக்கு முப்பது வரும், கொசு விரட்டுவது மாதிரி விரட்டிவிடுவேன். நீ ஊருக்குக் கிளம்புகிறாய், சீக்கிரம் முடிந்தால் உனக்கு நல்லது என்று அப்போது ஒரு காரணம் வைத்திருந்தேன். அந்தக் காரணம் சும்மா. பதினேழு என்ற எண்ணே எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். என் டிப்ளமாவும் நீயும் ஒரே வாரத்தில் கைக்கு வந்தீர்கள், அப்போது எனக்கு இருபது வயது, இரண்டையும் எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. அன்றிலிருந்து எல்லாவற்றையும் சீக்கிரமாகச் செய்தே பழகிவிட்டேன். உன்னை விடுதியில் சேர்க்க வந்தபோது வார்டன் அம்மா என்னைப் பார்த்து அண்ணனா என்று கேட்டதற்கு எவ்வளவு பூரித்துப்போனேன், ஞாபகம் இருக்கிறதா? அவர் பார்வையில் கோளாறு இல்லை. அப்பா மாதிரி நடந்துகொள்ளும் ஆளை அவர் அங்கே பார்க்கவில்லை.

ஆறாவது அலைனரில் நீ போட்டோ அனுப்பினாய். பல் நுனிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே இடைவெளி தெரியுதுப்பா, இது சரியா என்று கேட்டாய். லேபில் சேர்ந்து ஒரு மாதம் ஆனவனுக்குக்கூட விடை தெரியும் கேள்வி அது. கடைசியாகப் பொருந்தின அலைனருக்குத் திரும்பிப் போ என்று சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன்? நீ ஒழுங்காப் போடறதில்ல என்றேன். போட்டுக்கிட்டுதாம்ப்பா இருக்கேன் என்றாய். இருபத்திரண்டு மணி நேரம்னா இருபத்திரண்டு மணி நேரம், பரீட்சையோ பந்தயமோ கழட்டக் கூடாது என்று போனை வைத்தேன். பதினொன்று முடிந்து கடைசி போட்டோ வந்ததும் நாலு பக்கக் கடிதம் எழுதினேன். பல் பொய் சொல்லாது, ஆள்தான் சொல்வார் என்று அதில் ஒரு வரி. அந்த வரி நன்றாக அமைந்துவிட்டது என்று எனக்கு ஒரு திருப்தி வேறு இருந்தது, இரண்டாம் தடவை படித்துப் பார்த்து மடித்தேன்.

உன் பரீட்சை விஷயம் பார்சல் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அப்பாகிட்ட சொல்லாதேன்னு சொன்னா, அதான் சொல்லல என்றாள் அம்மா. விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ரேடியோவில் பேசிக் காட்டும் பரீட்சை, வாயில் ஒன்பதாம் எண் அலைனரோடு போய் உட்கார்ந்தாய், எண்களைச் சொல்லும்போதெல்லாம் காற்று சீறியது, இந்தக் குரலை நம்பி யாரும் விமானத்தை இறக்க மாட்டாங்கம்மா என்று பரீட்சகர் சொல்லிவிட்டார். பத்து நிமிஷம் கழற்றி டப்பாவில் வைத்திருந்தால் போதும், பல்லுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பக்கத்தில் இருந்த பெண் கழட்டிட்டுப் போடி என்று சொன்னாளாம், எங்கப்பா கண்டுபிடிச்சிடுவாரு என்றாயாம். இதை அம்மா பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை, அது எனக்குக் கொஞ்சம் உதவியாக இருந்தது.

அதற்கு அடுத்து நான் செய்தது இன்னொரு முட்டாள்தனம், மறைக்கவில்லை. உனக்கு அந்தப் பல்லைக் கொடுத்ததே நான்தான். என்னுடையதும் அதே பக்கம், அதே கோபம். முப்பத்தொன்பது வயது வரை அதை நேராக்க எனக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்டால் நேரமில்லை என்பேன். என் வாயை நானே ஸ்கேன் எடுத்து, அதே மூன்று டிகிரியில் ஒரே ஒரு அலைனர் அடித்து மாட்டிக்கொண்டேன், நீ பட்டது என்ன என்று அளந்து பார்க்க. முதல் நாள் ஆப்பிளைக் கண்ணால் மட்டும் பார்த்தேன். ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றேன். இரண்டாம் நாள் ஒரு கிளினிக்குக்குப் போன் செய்து, வாயில் அலைனரோடு குழறிக் குழறி, ஸ்கேன் சரியாக வரவில்லை என்று சொன்னேன், அந்த வரவேற்பறைப் பெண் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தம்பி, பக்கத்துல பெரியவங்க யாராவது இருந்தா குடுங்க என்றாள். மூன்றாம் நாள் அம்மா சமையலறை டைமரைக் கையில் எடுத்தாள். நான் கழற்றும்போது நிறுத்தினாள், போடும்போது ஓடவிட்டாள். கடைசியில் பதிமூன்று மணி இருபது நிமிஷம் காட்டியது. டைமர் தப்பு என்றேன். சரி என்றாள், அவள் அந்த மாதிரி சரி சொன்னால் அதற்கு மேல் பேச ஒன்றும் இருக்காது. நான்காம் நாள் கேன்டீனில் சாப்பிடும்போது கழற்றிக் காகித நாப்கினில் சுற்றி வைத்தேன், தட்டோடு சேர்த்துக் குப்பையில் கொட்டிவிட்டேன். நினைவு வந்து ஓடி, கையுறை மாட்டிக்கொண்டு குப்பைத்தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்தபோது பாலீஷ் மாமா பின்னால் வந்து நின்றார். பேஷன்டோடதா தம்பி என்றார். ஆமாம் என்றேன். ஒழுங்காப் போடற ஆளா என்றார். இல்லை என்றேன். அப்ப விடுங்க, கிடைச்சாலும் புண்ணியமில்ல என்று போய்விட்டார். கிடைக்கவில்லை. நீ ஐந்து மாதத்தில் பதினொன்றில் ஒன்றைக்கூடத் தொலைக்கவில்லை என்பதைத் தகவலுக்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

ஐந்தாம் நாள் டாக்டரம்மாவிடம் போனேன். பதினோரு கவரையும் அவர் மேஜையில் வரிசையாக வைத்தேன். எண்ணினார். நான் பதினேழுக்குத்தானே கையெழுத்துப் போட்டேன், இது எங்கேருந்து வந்துச்சு என்றார். நான்தான் மாற்றினேன் என்றேன். யாரைக் கேட்டு என்றார். என் பொண்ணுதானே டாக்டர் என்றேன். அதைத்தான் நானும் கேக்கறேன், உங்க பொண்ணைக் கேட்டீங்களா என்றார். பிறகு வேறு யாருக்காவது இப்படிச் செய்திருக்கிறேனா என்று கேட்டார், குரல் மாறியிருந்தது. இல்லை, ஊரில் உள்ள எல்லோருக்கும் விதிப்படிதான் செய்கிறேன், இந்தச் சலுகை சொந்த மகளுக்கு மட்டும்தான் என்றேன். அவர் நம்பவில்லை, பழைய திட்டங்களை எல்லாம் திறந்து பார்த்த பிறகுதான் நம்பினார். அவர் செய்தது சரி. இனி மூன்று மாதத்துக்கு என் கையிலிருந்து போகும் ஒவ்வொரு திட்டத்தையும் அவர் இரண்டாம் தடவை பார்த்த பிறகே அச்சுக்கு அனுப்ப வேண்டும். பதினைந்து வருஷ சர்வீஸுக்குப் பிறகு ஹோம்வொர்க் காட்டுகிற பையன் மாதிரி நிற்கிறேன், இரண்டு நாளாக என் வேலையில் பிழை குறைந்திருக்கிறது என்று தெரிகிறது, அது இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

பிறகு அவர் உன் ஃபைலைத் திறந்து முதல் படிவத்தை என் பக்கம் திருப்பினார். அதில் ஒரு கட்டம் உண்டு. நோயாளி விரும்புவது என்ன, நோயாளியின் சொந்தச் சொற்களில், என்று மேலே அச்சடித்திருக்கும். உள்ளே என் கையெழுத்தில், முழுவதும் நேராக வேண்டும், சீக்கிரம், என்று இருந்தது. நீ அப்போது பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாய், மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டு. பேனா என் கையில் இருந்தது, நான் எழுதிவிட்டேன். உன்னைக் கேட்கத் தோன்றவே இல்லை. பல் கோணலாக இருக்கிறது, நேராக்குகிற இடத்தில் அப்பா வேலை செய்கிறான், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பேன், நினைத்ததாகக்கூட ஞாபகமில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க என்ன செய்கிறாள், உனக்குத் தெரியும்தானே. இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா, முன்னாடி இருந்தது நல்லா இருந்துச்சா என்று ஒரு நாளைக்கு நாற்பது பேரைக் கேட்கிறாள், அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்கிறாள். எந்தக் கருவியாலும் சரிபார்க்காமல் ஆள் சொன்னதை எப்படி எழுதிக்கொள்வாய் என்று நான் பல தடவை கிண்டல் செய்திருக்கிறேன். பாக்கறது அவங்க கண்ணு, வேற யாரைக் கேக்கறது என்பாள். அன்றைக்கும் அதையேதான் சொன்னாள். அப்படியானால் நம் பெண்ணுக்கு அந்தப் பல் எப்படி இருக்க வேண்டுமாம், உனக்குத் தெரியுமா என்றேன். தெரியும், சொல்லியிருக்கா என்றாள். சொல்லு என்றேன். சொல்ல மாட்டேன், கட்டம் எதுக்கு இருக்கு என்றாள்.

ஆகவே இந்தக் கடிதத்தோடு இரண்டு பொருள் வருகிறது. ஒன்று உன் ஐந்தாம் எண் அலைனர், கழுவித்தான் அனுப்புகிறேன். அதுதான் கடைசியாகப் பொருந்தியது, அதைப் போட்டுக்கொண்டால் பல் இப்போது நிற்கும் இடத்திலேயே நிற்கும், பின்னால் போகாது. இது டாக்டரம்மாவின் யோசனை, என்னுடையது இல்லை, தைரியமாகப் போடலாம். போடும்போது இறுக்கமாக இருந்தாலோ வலித்தாலோ அங்கேயே ஒரு பல் டாக்டரிடம் காட்டு, நீ வலிக்கிறது என்று சொன்னால் வலிக்கிறது என்றுதான் அர்த்தம். அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி மறுபரீட்சை என்று அம்மா சொன்னாள். அன்றைக்குக் கழற்றிவிட்டுப் போ. ஒத்திகை பார்க்கும்போதும் கழற்றிவிடு. வேண்டுமானால் அந்த வாரம் பகலில் போடவே வேண்டாம், தூங்கும்போது மட்டும் போதும் என்று டாக்டரம்மா எழுதியே கொடுத்திருக்கிறார், அந்தச் சீட்டும் உள்ளே இருக்கிறது, என் வார்த்தையை மட்டும் நீ நம்ப வேண்டியதில்லை. உன் குரல் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். மூன்று வயதில் குளியலறைக்குள்ளிருந்து கூப்பிட்டால் தெருக்கோடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஓடி வருவேன். அதைக் கேட்டு எந்த விமானமும் தாராளமாக இறங்கலாம்.

இரண்டாவது பொருள் படிவம். புதியது, என் பேனா படாதது, அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. இப்போது உன் பல்லில் மிச்சம் இருப்பது பதினெட்டு டிகிரி. அதை முழுக்க நேராக்கலாம், இரண்டு டிகிரி வீதம் ஒன்பது அலைனர், பத்தாக வந்தாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன். பாதி திரும்பியதே போதும் என்றால் அந்த இடத்திலேயே நிறுத்திவைக்க ஒன்று செய்து அனுப்புகிறேன், அதைப் பல வருஷம் தூங்கும்போது போட வேண்டியிருக்கும், திருப்பிய பல்லுக்குப் பழைய ஞாபகம் ஜாஸ்தி. எதுவும் வேண்டாம், அது பாட்டுக்குப் போகட்டும் என்றால் மேட்டைச் சுரண்டி எடுத்துவிடலாம், பல் மெதுவாக முன்பு இருந்த இடத்துக்கே போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும், என் வாயில் இருப்பது மாதிரி, அதனால் யாரும் செத்துப்போகவில்லை. எது சரி என்று எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. அதை எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன், மேலே ஒரு இடத்தில் கறுப்பாகத் தெரிகிறதே, அதுதான். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கப் பார்க்காதே.

மற்றபடி வீட்டில் விசேஷம் ஒன்றுமில்லை. வாஷிங் மெஷினை நானே திறந்தேன், மூடும்போது ஒரு திருகு மிச்சமாகிவிட்டது, இப்போது துணி துவைக்கும்போது சமையலறை வரை நடந்து வருகிறது. எதிர் வீட்டுக்காரர் நாய்க்குட்டி வாங்கியிருக்கிறார், அது என் செருப்பை மட்டும்தான் கடிக்கிறது, அதன் பல்வரிசை அருமை. உன் ஆறாம் எண் அலைனரை என் கணினித் திரைக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறேன், சிவப்பு எச்சரிக்கை வரும்போது கண் அதில் படுகிற மாதிரி. என்ன தம்பி, மெடலா என்று கேட்டார் பாலீஷ் மாமா. யாருடையது என்று அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, கேட்டிருந்தா நம்ம புள்ளைதான்னு அன்னிக்கே சொல்லியிருப்பேனே என்றார்.

அலைனரைச் சுடுதண்ணீரில் கழுவாதே, வளைந்துவிடும். நாப்கினில் சுற்றாதே, அதைப் பற்றி எனக்கு அனுபவம் உண்டு. போனை எடு என்று சொல்ல மாட்டேன். படிவத்தை மட்டும் அனுப்பினால் போதும், நேராக டாக்டரம்மாவுக்கே அனுப்பு, நான் படிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கடைசியில் ஆசீர்வாதம் எழுத வேண்டும் என்கிறாள் அம்மா. அதில் எனக்குப் பயிற்சி போதாது. நன்றாக இரு கண்ணு, உனக்கு எது நன்றோ அப்படி. பட்டாணி முழுவதையும் உரித்து முடித்துவிட்டாள், நானும் முடித்துக்கொள்கிறேன். படிவத்தை மூன்று தடவை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டேன், டாக்டர் கையெழுத்துக்கு ஒரு இடம், உன் கையெழுத்துக்கு ஒரு இடம், அப்பா கையெழுத்துப் போட அதில் இடமே இல்லை. அதனால் இங்கே போடுகிறேன்.

இப்படிக்கு,
அப்பா